முப்பத்தொரு விண்ணப்பங்களும் ஒரு குறிப்பேடும்

கேள்வி

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். எனக்கு வயது 43. சிங்கப்பூரில், ஈசூனில் வசிக்கிறேன். கடல்வழியாகச் சரக்குகளை அனுப்பிவைக்கும் ஒரு நிறுவனத்தில், ஏற்றுமதி ஆவணப் பிரிவில் 11 ஆண்டுகள் வேலை செய்தேன். 2019ஆம் ஆண்டில் என் மாமியார் பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்தார். மகனும் அப்போதுதான் தொடக்கநிலை 1இல் சேர்ந்திருந்தான். வேறு வழியின்றி வேலையை விட்டேன். மாமியார் சென்ற ஆண்டு காலமானார். மகன் இப்போது உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறான். கடந்த ஐந்து மாதங்களில் 31 விண்ணப்பங்கள் அனுப்பியிருக்கிறேன். இரண்டு இடங்களிலிருந்து தானியங்கி மின்னஞ்சல் வந்தது. மற்றவை கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கின்றன. ஒவ்வொரு விண்ணப்பத்துடனும் ஒரு முகப்புக் கடிதம் இணைக்கிறேன். அதன் நகலையும், கடைசியாக நான் விண்ணப்பித்த வேலையின் விளம்பரத்தையும் உங்கள் பார்வைக்கு அனுப்பியுள்ளேன். இந்தக் கடிதங்களை யாராவது படிக்கிறார்களா? ஆறாண்டு இடைவெளியைச் சொல்லாமல் விட்டுவிடலாமா? கடிதத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் சொல்லி எழுதி வாங்கிக்கொள் என்கிறாள் ஒரு தோழி. அப்படிச் செய்யலாமா?

பின்குறிப்பு: நான் வேலை தெரியாதவள் அல்ல. வாடிக்கையாளர்களின் எல்சி (வாங்குபவரின் வங்கி பணம் தருவதாக உறுதியளிக்கும் கடிதம்) ஆவணங்கள் வங்கியிலிருந்து திரும்பி வந்துவிடக் கூடாதென்று, எந்த நாட்டு வங்கி எதைப் பார்த்துக் குறை சொல்லும் என்பதை நானே ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். புதிதாகச் சேர்பவர்களுக்கு என் மேலாளர் அதைத்தான் எடுத்துக் காட்டுவார். அந்தக் குறிப்பேடு இன்னமும் வீட்டில் இருக்கிறது.

பதில்

அன்புச் சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் மடலைவிட அதன் பின்குறிப்பைத்தான் நான் அதிக நேரம் படித்தேன். அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். இந்தக் கடிதங்களை யாராவது படிக்கிறார்களா என்ற கேள்விக்கு முதலில் ஒளிவுமறைவின்றிப் பதில் சொல்லிவிடுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆள்சேர்ப்புப் பணியில் இருந்தவன் என்ற முறையில் சொல்வதென்றால், எல்லா நேரமும் படிப்பதில்லை. ஒரு வேலைக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பங்கள் வந்து குவியும்போது, மனிதவளப் பிரிவில் இருப்பவர் முதலில் திறப்பது தன்விவரக் குறிப்பைத்தான். அதிலும் கடைசியாகப் பார்த்த வேலை, அதில் இருந்த காலம், விளம்பரத்தில் கேட்ட தகுதி ஆகியவற்றைக் கண்ணால் துழாவிவிட்டு, ‘சரி’, ‘வேண்டாம்’, ‘பார்க்கலாம்’ என்று மூன்று பக்கமாக ஒதுக்கிவிடுவார். ‘சரி’ என்று ஒதுக்கியவர்களின் கடிதத்தைப் படிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ‘வேண்டாம்’ என்று ஒதுக்கியவர்களுடையதைப் படிக்க அவருக்கு நேரமில்லை. ‘பார்க்கலாம்’ என்ற குவியலில் இருப்பவர்களுக்குத்தான் முகப்புக் கடிதம் கைகொடுக்கிறது.

உங்கள் விண்ணப்பம் அந்த மூன்றாவது குவியலுக்கு உரியது. பதினோராண்டு அனுபவத்தைப் பார்த்து நிமிர்ந்து உட்காருபவர், அந்த வேலை 2019ஆம் ஆண்டோடு நின்றுவிட்டதைக் கண்டதும் தயங்குகிறார். அந்தத் தயக்கத்தைத் தன்விவரக் குறிப்பால் போக்க முடியாது. ஆண்டுகளை வரிசைப்படுத்திக் காட்டுவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. தயக்கத்துக்கு விடை சொல்லும் இடம் கடிதம் ஒன்றுதான். ஆகவே, இடைவெளியின்றி வேலை பார்த்துவரும் ஒருவர் இந்தக் கடிதத்தை அலட்சியமாக எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம், நீங்கள் தப்ப முடியாது. தவிரவும், நீங்கள் விண்ணப்பிக்கும் துறையில் சிறிய நிறுவனங்கள் ஏராளம். அவற்றில் பலவற்றில் மனிதவளப் பிரிவு என்று தனியாக ஒன்று இருப்பதில்லை. ஆவணப் பிரிவின் மேலாளரே மதிய உணவுக்குப் பிறகு விண்ணப்பங்களைத் திறந்து பார்ப்பார். உங்கள் வேலையின் நெளிவுசுளிவு தெரிந்த ஒருவரே படிக்கப்போகிறார் என்பது உங்களுக்குச் சாதகம்.

இனி நீங்கள் அனுப்பிய கடிதத்துக்கு வருவோம். ‘மேற்குறிப்பிட்ட பணிக்கு விண்ணப்பிப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன்’ என்று தொடங்கி, கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், குழுவோடு ஒத்துழைப்பவர், எதையும் விரைவில் கற்றுக்கொள்பவர் என்று பண்புகளை அடுக்கி, மாமியாரின் நோயையும் மகனின் படிப்பையும் ஒரு பத்தி முழுவதும் விவரித்து, ‘எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தால் என்றும் நன்றியுடையவளாக இருப்பேன்’ என்று முடித்திருக்கிறீர்கள். இதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் 11 ஆண்டுகள் நீங்கள் அன்றாடம் என்ன செய்தீர்கள் என்பதும் இல்லை. ஏற்றுமதி, இறக்குமதிப் பெர்மிட்டுகளை எடுக்கும் மின்னணுத் தளமான டிரேட்நெட் என்ற சொல் ஓரிடத்திலும் வரவில்லை. இதே கடிதத்தை நாளைக்கே ஒரு பல் மருந்தகத்தின் வரவேற்பாளர் வேலைக்கு அனுப்பினாலும் ஒரு வரியையும் மாற்ற வேண்டியிராது. அப்படித்தான் 31 இடங்களுக்கும் அனுப்பியிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். சரக்கு அனுப்பும் நிறுவனத்துக்கு எழுதிய இந்தக் கடிதத்தின் மூன்றாம் பத்தியில் ‘உங்கள் கிடங்கில் பணியாற்ற’ என்று இருப்பதைக் கவனித்தீர்களா?

நீங்கள் எழுதியிருப்பதற்குப் பெயர் மனு. நம்மவர்களுக்கு மனு எழுதும் பழக்கம் ஊறிப்போன ஒன்று. அறுபதுகளில் துறைமுகத்தில் எழுத்தராக இருந்த என் தந்தையார், மாலை வேளைகளில் சக தொழிலாளர்களுக்கு வேலைக்கும் விடுப்புக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பார். வந்தவரின் குடும்பத்தில் எத்தனை பேர், ஊரில் தங்கைக்குத் திருமணமா, தாயாருக்கு உடல்நலமில்லையா என்றெல்லாம் விசாரித்து, அதைப் பணிவான ஆங்கிலத்தில் எழுதி, ‘தங்களின் மிகப் பணிவுள்ள ஊழியன்’ என்று முடிப்பார். அந்தக் காலத்துக்கு அது பொருந்தியது. படிக்கும் துரைக்கு மனமிரங்கி ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும் அதிகாரம் இருந்தது. யாரிடமும் அவர் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்கு உங்கள் கடிதத்தைப் படிப்பவரிடம் இருப்பது ஒரு காலியிடமும், அது காலியாகக் கிடப்பதால் அவர் தலையில் விழுந்திருக்கும் கூடுதல் வேலையும்தான். அவருக்கு உங்கள்மேல் இரக்கம் பிறந்தாலும், ‘இந்த அம்மாவை ஏன் எடுக்கிறாய்?’ என்று அவருடைய முதலாளி கேட்டால் சொல்வதற்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை அவர் கையில் எடுத்துக் கொடுப்பதற்கே முகப்புக் கடிதம்.

அதற்கு விளம்பரத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய விளம்பரம் கேட்பவை நான்கு: கடல்வழி ஏற்றுமதி ஆவணங்களைத் தயாரிப்பது, டிரேட்நெட் வழியாகப் பெர்மிட் எடுப்பது, எல்சி ஆவணங்களைச் சரிபார்ப்பது, விரைவில் வேலையில் சேர்வது. முதல் இரண்டும் இந்தத் துறையில் யாரும் கேட்பவை. 1989 முதல் இயங்கிவரும் டிரேட்நெட்டைத் தொடாமல் இங்கே ஒருவர் ஏற்றுமதி ஆவணப் பிரிவில் 11 ஆண்டுகளைக் கழித்திருக்க முடியாது. நான்காவது, அவசரத்தைக் காட்டுகிறது. மூன்றாவதுதான் விளம்பரம் கொடுத்தவரின் தூக்கத்தைக் கெடுப்பது.

உங்களுக்குத் தெரிந்ததையே திருப்பிச் சொல்வதாக நினைக்க வேண்டாம். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். எல்சி முறையில் வாங்குபவரின் வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, தாளை மட்டுமே பார்க்கிறது. 2007 ஜூலை முதல் நடப்பில் உள்ள யுசிபி 600 என்ற அனைத்துலக எல்சி விதிகளின்படி, ஆவணங்கள் சமர்ப்பிக்கப்பட்டதற்கு மறுநாளிலிருந்து அதிகபட்சம் ஐந்து வங்கி வேலைநாள்களுக்குள் அவை எல்சியோடு பொருந்துகின்றனவா என்பதை வங்கி முடிவு செய்ய வேண்டும். ஏற்றுமதி செய்பவரும் பொதுவாகச் சரக்கைக் கப்பலேற்றிய 21 நாள்களுக்குள் ஆவணங்களைக் கொடுத்தாக வேண்டும். பில் ஆஃப் லேடிங்கில் (சரக்கைப் பெற்றதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணம்) உள்ள எடையும் பேக்கிங் லிஸ்ட்டில் (பொதிப் பட்டியல்) உள்ள எடையும் ஒன்றுக்கொன்று முரண்பட்டாலோ, கப்பலேற்றிய தேதி எல்சியில் குறித்த கெடுவைத் தாண்டியிருந்தாலோ, வங்கி பணம் தர மறுக்கலாம். அதற்குள் கப்பல் போய்ச் சேர்ந்துவிடும். சரக்கை எடுக்க ஆளின்றித் துறைமுகத்தில் கட்டணம் ஏறும். வாடிக்கையாளர் தொலைபேசியில் குரலை உயர்த்துவார். அந்த அழைப்பை எடுத்துப் பேசியவரே அந்த விளம்பரத்தை எழுதியிருப்பார் என்பது என் ஊகம். விளம்பரத்தில் ‘நுணுக்கமாகக் கவனிப்பவர்’ என்று அவர் கேட்டிருப்பது ஏதோ வழக்கமான அலங்காரச் சொல்லன்று. எங்கோ சூடுபட்டுக்கொண்டவரின் சொல்.

இப்போது உங்கள் பின்குறிப்புக்கு வருகிறேன். எந்த நாட்டு வங்கி எதைப் பார்த்துக் குறை சொல்லும் என்று நீங்கள் எழுதி வைத்த குறிப்பேடு இருக்கிறதே, அதுதான் உங்கள் முகப்புக் கடிதம். 31 நிறுவனங்களுக்குச் சொல்லாத அந்த ஒன்றை, வேலை கொடுக்க முடியாத என்னிடம் போகிறபோக்கில் பின்குறிப்பாகச் சொல்லியிருக்கிறீர்கள். இப்படிப் பலரிடமும் பார்த்திருக்கிறேன், குறிப்பாக நம் பெண்களிடம். தானாக விரும்பிச் செய்த வேலையை ‘அது என்ன பெரிய விஷயம்’ என்று ஒதுக்கிவிட்டு, பிறர் சொல்லிக் கொடுத்த பண்புப் பெயர்களைக் கடிதத்தில் நிரப்புகிறார்கள். நுணுக்கமாகக் கவனிப்பவள் என்று நீங்கள் பத்து முறை எழுதினாலும் படிப்பவர் நம்ப வேண்டிய கட்டாயமில்லை. குறிப்பேட்டைப் பற்றி இரண்டு வாக்கியங்கள் எழுதினால், அந்தச் சொல்லை நீங்கள் பயன்படுத்தாமலே அவர் தம் மனத்துக்குள் சொல்லிக்கொள்வார்.

அந்த இரண்டு வாக்கியங்களுக்குச் சதை வேண்டும். வாரத்துக்கு எத்தனை ஏற்றுமதிகளைக் கையாண்டீர்கள், எத்தனை நாடுகளுக்கு, குறிப்பேட்டை எழுதத் தொடங்கிய பிறகு திரும்பிவந்த ஆவணங்கள் குறைந்தனவா, உங்களிடம் பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர் என்று உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். பழைய மேலாளர் தொடர்பில் இருந்தால் அவரிடமும் கேளுங்கள். நேர்முகத்தில் யாராவது குறுக்குக் கேள்வி கேட்டால் தடுமாறாமல் சொல்லக்கூடிய எண்களை மட்டும் எழுதுங்கள். நினைவில்லாததைப் பெரிதாக்கி எழுத வேண்டாம். ‘வாரத்துக்கு ஏறத்தாழ இத்தனை’ என்று எழுதுவதில் இழுக்கு ஒன்றும் இல்லை.

அடுத்து, ஆறாண்டு இடைவெளி. மறைக்காதீர்கள். மறைத்தால் தன்விவரக் குறிப்பு காட்டிக் கொடுத்துவிடும். அதன் பிறகு படிப்பவர் உங்கள் மற்ற வரிகளையும் ஐயத்தோடுதான் பார்ப்பார். அதே சமயம் ஒரு பத்தி முழுக்க விளக்கவும் வேண்டாம். குடும்பத்தில் ஒருவரைப் பராமரிப்பதற்காக விலகியிருந்தேன், அந்தப் பொறுப்பு நிறைவடைந்துவிட்டது என்ற அளவே போதும். யார், என்ன நோய், எத்தனை ஆண்டு படுக்கையில் இருந்தார் என்பதெல்லாம் உங்கள் வீட்டு விஷயம். மன்னிப்புக் கேட்கும் தொனி ஒரு சொல்லில்கூட வரக் கூடாது.

உண்மையில் படிப்பவரின் உள்ளத்தில் இருக்கும் கேள்வி, ஏன் விலகினீர்கள் என்பதன்று. வேலை மறந்துபோயிருக்குமோ, இப்போதைய நடைமுறை தெரியுமோ என்பதுதான். அந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கிறது, ஏனென்றால் நீங்கள் வீட்டில் இருந்த ஆண்டுகளில் உங்கள் துறையில் பல மாறிவிட்டன. விற்பவர், வாங்குபவர் பொறுப்புகளை வகுக்கும் அனைத்துலக வணிக விதிகளான இன்கோடெர்ம்ஸ் 2020, 2020 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தது. அதில் டிஏடி என்ற பழைய விதி இப்போது டிபியு ஆகிவிட்டது. வாங்குபவர் அமர்த்திய போக்குவரத்து நிறுவனத்திடம் சரக்கை ஒப்படைக்கும் எஃப்சிஏ விதியில் விற்றாலும், இரு தரப்பும் ஒத்துக்கொண்டால், கப்பலேற்றிய குறிப்புள்ள பில் ஆஃப் லேடிங்கைப் பெற வழி செய்யப்பட்டது. அது எல்சி ஆவணங்களைத் தயாரிப்பவர் தெரிந்திருக்க வேண்டிய மாற்றம். 2022இல், சரக்குகளை வகைப்படுத்தும் எச்எஸ் குறியீடுகள் திருத்தப்பட்டன. நீங்கள் வேலையை விட்டபோது 7 விழுக்காடாக இருந்த பொருள் சேவை வரி 2023 ஜனவரியில் 8 விழுக்காடாகவும், 2024 ஜனவரியில் 9 விழுக்காடாகவும் உயர்ந்தது. ஏற்றுமதிப் பிரிவில் இருப்பவருக்கு இது நேரடியாகப் பொருந்தாவிட்டாலும், சிறிய நிறுவனத்தில் இறக்குமதிப் பெர்மிட்டையும் உங்களிடமே தள்ளுவார்கள். இவற்றை உட்கார்ந்து படியுங்கள். உங்களைப் போன்ற அனுபவசாலிக்கு இரண்டு வாரம் போதும். படித்து முடித்த பிறகு கடிதத்தில் ஒரே வாக்கியத்தில் குறிப்பிடுங்கள். நான் படித்தவரையில், இடைவெளியைப் பற்றி எழுதும் பலர் தங்கள் கஷ்டத்தைச் சொல்கிறார்கள். இடைவெளியில் தொழில் எப்படி மாறியது என்று சொல்பவர் அரிது. அப்படி ஒரு கடிதம் மேசைக்கு வந்தால் அதை நான் இன்னொரு முறை படிப்பேன்.

சான்றிதழும் வேண்டும் என்று தோன்றினால், சிங்கப்பூர் சுங்கத்துறை நடத்தும் வகுப்புகளைப் பாருங்கள். பெர்மிட் எடுப்பதற்கு உங்கள் பெயரில் இருந்த பழைய பதிவு இன்னும் செல்லுமா என்பதையும் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நாற்பது வயதைக் கடந்த சிங்கப்பூரர் என்பதால், 2024 மே மாதத்தில் வழங்கப்பட்ட பயிற்சிக்கான 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகை உங்கள் கணக்கிலும் இருக்கும். குறிப்பிட்ட பயிற்சிகளுக்குத்தான் அதைப் பயன்படுத்த முடியும். ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பு விசாரித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தின் தலைப்பில் அடையாள அட்டை எண், வயது, இனம், திருமணமானவர் என்ற விவரம் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. பழைய படிவத்தை அப்படியே வைத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அவற்றை நீக்கிவிடுங்கள். 2019 செப்டம்பர் முதல், சட்டம் கோரும் சூழ்நிலைகளிலும் ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டிய சூழ்நிலைகளிலும் அன்றி, நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணைக் கேட்டு வாங்கக் கூடாது. நீங்களாக முன்வந்து முன்பின் தெரியாத 31 இடங்களுக்கு அதை அனுப்பியிருப்பது எனக்குக் கவலையளிக்கிறது. வயதையும் குடும்ப நிலையையும் கேட்பதை, அரசாங்கமும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் நெடுங்காலமாகவே தவிர்க்கச் சொல்கின்றன. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டத்திலும் வயது, திருமண நிலை, குடும்பத்தினரைப் பராமரிக்கும் பொறுப்பு ஆகியவை பாகுபாட்டிலிருந்து பாதுகாக்கப்படுகின்றன. தொடக்கத்தில் 25 ஊழியர்களுக்குக் குறைவான நிறுவனங்களுக்கு அது பொருந்தாது என்பதால், சிறிய நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கும் நீங்கள் சட்டத்தை நம்பி உட்கார முடியாது. கேட்காத விவரத்தைக் கொடுக்காமல் இருப்பதே எளிய பாதுகாப்பு. குடியுரிமையை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டு ஊழியர்களை எத்தனை பேர் எடுக்கலாம் என்ற கணக்கு உள்ளூர் ஊழியர்களின் எண்ணிக்கையை ஒட்டியே அமைவதால், சிங்கப்பூர்க் குடிமகள் என்ற ஒரு வரிக்குச் சிறிய நிறுவனத்தில் மதிப்பு உண்டு.

விரைவில் சேரக்கூடியவர் தேவை என்று விளம்பரம் சொல்கிறது. உங்கள் போட்டியாளர்களில் பலர் இப்போது வேறோர் இடத்தில் வேலையில் இருப்பார்கள். அவர்கள் ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வர வேண்டியிருக்கும், சிலருக்கு இரண்டு மாதம். நீங்கள் திங்கட்கிழமையே வரலாம். ஆறாண்டு இடைவெளியால் கிடைத்த இந்த ஒரே அனுகூலத்தை உங்கள் கடிதத்தில் தேடிப் பார்த்தேன், காணவில்லை. சம்பள எதிர்பார்ப்பைக் கேட்டிருந்தால் ‘பேசிக்கொள்ளலாம்’ என்று எழுதி மழுப்பாதீர்கள். மனிதவள அமைச்சு வெளியிடும் தொழில்வாரிச் சம்பள விவரங்களைப் பார்த்து, உங்களுக்குக் கட்டுப்படியாகும் கீழ் எல்லையையும் நியாயமான மேல் எல்லையையும் எழுதுங்கள். கேட்கவில்லையென்றால் எழுத வேண்டாம்.

இவற்றையெல்லாம் சேர்த்து ஒரு கடிதம் எழுதிப் பார்த்தேன். அனுப்பப்போவது ஆங்கிலத்தில் என்றாலும் தமிழில்தான் எழுதியிருக்கிறேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். எண்ணிக்கை வரும் இடத்தை உங்கள் பொறுப்பில் விட்டிருக்கிறேன்.

‘அன்புள்ள திருவாட்டி டான்,

ஏற்றுமதி ஆவண அதிகாரி பணிக்கான உங்கள் விளம்பரத்தில், எல்சி ஆவணங்களைச் சரிபார்க்கத் தெரிந்தவர் தேவை என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். கடல்வழிச் சரக்கு நிறுவனம் ஒன்றில் 11 ஆண்டுகள் நான் செய்த வேலையில் பெரும்பகுதி அதுவே.

அங்கே வாரத்துக்கு ஏறத்தாழ இத்தனை ஏற்றுமதிகளுக்குப் பில் ஆஃப் லேடிங் வரைவையும் மற்ற ஆவணங்களையும் தயாரித்தேன். டிரேட்நெட் வழியாகப் பெர்மிட் எடுத்தேன். வாடிக்கையாளர்களின் ஆவணங்கள் வங்கியிலிருந்து எந்தெந்தக் காரணங்களுக்காகத் திரும்பி வருகின்றன என்பதை நாடுவாரியாகக் குறித்து வந்தேன். ஆவணங்கள் அலுவலகத்தை விட்டு வெளியே போவதற்கு முன் அந்தக் குறிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் வழக்கம். புதிய ஊழியர்களைப் பழக்குவதற்கு என் மேலாளரும் அவற்றைப் பயன்படுத்தினார்.

குடும்பத்தில் ஒருவரைப் பராமரிப்பதற்காக 2019இல் வேலையிலிருந்து விலகினேன். அந்தப் பொறுப்பு நிறைவடைந்துவிட்டது. இதற்கிடையே நடப்புக்கு வந்த இன்கோடெர்ம்ஸ் 2020, 2022ஆம் ஆண்டின் எச்எஸ் குறியீட்டுத் திருத்தம், பொருள் சேவை வரி மாற்றங்கள் ஆகியவற்றைப் படித்துத் தெரிந்துகொண்டிருக்கிறேன்.

நான் சிங்கப்பூர்க் குடிமகள். உடனடியாக வேலையில் சேர முடியும். நேரில் சந்திக்க வாய்ப்பளித்தால், திரும்பி வந்த ஆவணங்களை எவ்வாறு சரிசெய்து மீண்டும் அனுப்பினேன் என்பதைச் சில எடுத்துக்காட்டுகளோடு விளக்குகிறேன்.’

இவ்வளவுதான். அரைப் பக்கத்தைச் சற்றே தாண்டும். உங்கள் பழைய கடிதம் ஒன்றரைப் பக்கம்.

தமிழில் எழுதியதற்குக் காரணம், போலித்தனம் தாய்மொழியில் உடனே காதில் இடறும் என்பதுதான். ‘நான் ஆற்றல்மிக்க, விளைவுகளை நோக்கிய, பன்முகத் திறன் படைத்த தொழில்முறையாளர்’ என்று உங்கள் பழைய மேலாளர் முன்னால் உட்கார்ந்து தமிழில் சொல்லிப் பாருங்கள். அவர் சிரிப்பதற்கு முன்பு நீங்கள் சிரித்துவிடுவீர்கள். ஆங்கிலத்தில் அதே சொற்கள் கௌரவமாகத் தோன்றுவதற்கு, நமக்கு அந்த மொழியில் கூச்சம் மரத்துப்போயிருப்பதே காரணம். முதலில் தமிழில் எழுதி, வாய்விட்டுப் படித்து, கூச்சம் தரும் சொற்களை அடித்துவிட்டு, எஞ்சியதை எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். உங்கள் ஆங்கிலம் சாதாரணமானது என்று வருந்த வேண்டாம். இந்த வேலைக்கு வேண்டியது பிழையற்ற, குறுகிய வாக்கியங்கள்தான்.

இதுவே உங்கள் தோழியின் யோசனைக்கும் விடையாகிறது. செயலியிடம் வேலையின் பெயரைக் கொடுத்து ஒரு கடிதம் கேட்டால், அது கொடுப்பது மேலே சொன்ன ‘ஆற்றல்மிக்க’ கடிதத்தைத்தான். அதே விளம்பரத்துக்கு விண்ணப்பிக்கும் இன்னும் நாற்பது பேருக்கும் ஏறக்குறைய அதையேதான் கொடுத்திருக்கும். உங்கள் குறிப்பேட்டைப் பற்றி நீங்கள் சொன்னாலன்றி அதற்குத் தெரியாது. நீங்களே எழுதி முடித்த பிறகு, எழுத்துப் பிழையையும் இலக்கணப் பிழையையும் மட்டும் திருத்தித் தரும்படி கேளுங்கள். அதில் தவறு காணமாட்டேன். அது புகுத்தும் புதிய பெயரடைகளை வடிகட்டிவிடுங்கள். உங்கள் பழைய வாடிக்கையாளர்களின் பெயர்களை அதனிடம் கொடுக்காதீர்கள்.

கடிதத்தை யாருக்கு எழுதுவது என்பது இந்த ஊரில் தனிக் கலை. விளம்பரத்தில் பெயர் இருந்தால் பயன்படுத்துங்கள்; இல்லையென்றால் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள், பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். சீனப் பெயரில் குடும்பப் பெயர் பொதுவாக முதலில் வரும். அதைத்தான் ‘திரு’, ‘திருவாட்டி’ என்பவற்றோடு சேர்க்க வேண்டும். மலாய்ப் பெயரில் ‘பின்’, ‘பிந்தே’ என்பதற்குப் பிறகு வருவது தந்தையின் பெயர். அதைச் சொல்லி விளித்தால் அவருடைய தகப்பனாருக்குக் கடிதம் எழுதியதாக ஆகிவிடும். நம் பெயர்களிலும் அதே சிக்கல் உண்டு என்பதை நீங்களே அறிவீர்கள். என் தந்தையாரின் பெயரால் என்னை அழைத்து வந்த மின்னஞ்சல்களுக்குக் கணக்கில்லை. ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் முழுப் பெயரையும் எழுதிவிடுவது நல்லது. மின்னஞ்சலில் அனுப்பும்போது கடிதத்தை மடலின் உடலிலேயே எழுதுங்கள். இணைப்பைத் திறக்கச் சோம்பல்படுபவர்கள் உண்டு. இணையவாசலில் விண்ணப்பிக்கும்போது கோப்புக்கு உங்கள் பெயரையும் பணியின் பெயரையும் இடுங்கள். விளம்பரம் வந்த முதல் சில நாள்களிலேயே அனுப்பிவிடுங்கள். கெடு முடியும்வரை காத்திருந்தால் அதற்குள் நேர்முகமே தொடங்கிவிடலாம்.

ஒரே கடிதத்தை எல்லா இடங்களுக்கும் அனுப்புவதை நிறுத்திவிட்டு, வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று கடிதங்களை இப்படி எழுதிப் பாருங்கள். எழுதியதை வேறொருவர் படித்துக் கருத்துச் சொல்ல வேண்டுமென்றால், ஜூரோங் ஈஸ்ட்டில் தேவன் நாயர் கழகக் கட்டடத்தில் இயங்கும் என்டியுசி தொழிற்சங்கக் காங்கிரஸின் இ2ஐ வேலைவாய்ப்பு நிலையத்திலும், வொர்க்ஃபோர்ஸ் சிங்கப்பூர் அமைப்பின் வேலைவாய்ப்பு நிலையங்களிலும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். பழைய அலுவலகத் தோழிகளிடமும் வேலை தேடும் செய்தியைச் சொல்லி வையுங்கள். வெட்கப்பட வேண்டாம், துறைமுகத்தைச் சுற்றியுள்ள தொழிலில் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள்தான். அனுப்பிப் பத்து நாள் ஆகியும் பதில் இல்லையென்றால், மூன்று வரியில் ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே தகவல் தெரிவிக்கப்படும் என்று விளம்பரத்தின் அடியில் போட்டிருந்தாலும் ஒரு முறை அனுப்புவதில் தவறில்லை. இரண்டாம் முறை வேண்டாம்.

நேர்முகத்துக்கு அழைப்பு வந்தால் அந்தக் குறிப்பேட்டைக் கையோடு எடுத்துச் செல்ல ஆசை வரும். எடுத்துச் செல்லாதீர்கள். அதில் பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளர்களும் அவர்களுடைய வங்கிகளும் பெயரோடு இருக்கக்கூடும். ஒரு நிறுவனத்தின் விவரத்தை இன்னொரு நிறுவனத்தின் மேசையில் விரித்துக் காட்டுபவரை, நாளைக்கு நம்முடையதையும் காட்டுவார் என்றுதான் எதிரே இருப்பவர் நினைப்பார். முந்தைய நாள் இரவு குறிப்பேட்டை ஒருமுறை புரட்டி, பெயர் சொல்லாமலே விளக்கக்கூடிய மூன்று சம்பவங்களை மனத்தில் இருத்திக்கொண்டு போங்கள்.